டிஃபென்ஸ் லேபில் இருக்கிற தங்கை கலெக்டருக்குப் படிக்கணுமா, அங்கேயே இருந்து மேலே போகலாமா?

கோபிக்காரன் கேட்டது:

வணக்கமுங்க. என் தங்கை விஷயமாக இங்கே இருக்கிற பெரியவர்களிடம் ஒரு யோசனை கேட்கணும்.

அவள் மெக்கானிக்கல் படித்தாள். என்ஜினியர்களுக்கான ‘கேட்’ தேர்வு எழுதி, இன்டர்வியூ முடித்து, ராணுவத்துக்கான ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவில் சயின்டிஸ்ட் ‘பி’யாக, அதாவது தொடக்க நிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து இது மூன்றாவது வருஷம். வயது 26. எங்கள் குடும்பத்தில் மத்திய அரசு வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். அப்பாவுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் மஞ்சள். நான் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு உரக்கடையும் வைத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது பெரிய மாமா ஆரம்பித்துவிட்டார். “இத்தனை மூளைய வெச்சுக்கிட்டு ஒரு ரூமுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டிருக்கறதா? ஐஏஎஸ் எழுது அம்மிணி, கலெக்டரா வந்தா நாலு பேருக்கு ஆகும்” என்றார். அப்பாவுக்கும் அதே நினைப்பு. அவள் எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும், “அண்ணா, லேபில இருந்தே டெல்லியில செயலாளர் வரைக்கும் போனவங்க இருக்காங்க” என்றாள்.

நிஜமாகவே அப்படிப் போக முடியுமா? அந்த உயரத்துக்குப் போனவர்கள் அங்கே என்ன வேலை செய்கிறார்கள்? என்ஜினியராகவே இருக்கிறார்களா, ஃபைல் பார்க்கிறவர்களாக மாறிவிடுகிறார்களா? கலாம் ஐயா கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதையில் போன மற்ற ஆட்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சொன்னால் அப்பாவிடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

ஈரோடு வாத்தியார்:

நான் போட்டித் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 32 வயது வரை, ஆறு முறை எழுதலாம். பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் 35 வரை, ஒன்பது முறை. ஆகவே தங்கைக்கு அவசரம் எதுவும் இல்லை. அரசு வேலையில் இருந்துகொண்டே எழுதலாம், அலுவலகத் தலைமைக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். மெக்கானிக்கல் என்ஜினியரிங்கையே விருப்பப் பாடமாக எடுக்கவும் இடம் இருக்கிறது.

ஆனால் தம்பி, வகுப்பில் நான் பார்த்தவரை, வீட்டில் சொன்னதற்காக எழுத வருகிற பிள்ளைகள் முதன்மைத் தேர்வு வரை வந்து அங்கேயே களைத்துவிடுகிறார்கள். முதல்நிலை, முதன்மை, நேர்முகம் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று முடிய ஒரு வருஷம் ஆகும். மனசு அதில் இல்லாமல் அத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியாது. அவளை உட்கார வைத்து, அப்பா முன்னால் இல்லாமல், நேராகக் கேளுங்க.

சென்னிமலைத் தறி:

தம்பி, வணக்கமுங்க. நான் 1982-ல் டிஆர்டிஓவில் சயின்டிஸ்ட் ‘பி’யாகச் சேர்ந்தவன். ‘ஹெச்’ நிலையில் ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டேன். அப்பா கைத்தறி நெசவாளர், வீட்டில் பெட்ஷீட் தறி ஓடியது. படித்தது கோயமுத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. எந்த லேப், என்ன பிராஜெக்ட் என்று மட்டும் எழுத மாட்டேன், அது வேலையில் வந்த பழக்கம். மற்றதை எல்லாம் சொல்லலாம்.

தங்கை சொன்னது சரிதான். பி, சி, டி, ஈ, எஃப், ஜி, ஹெச் என்று படிகள் இருக்கின்றன. ஹெச்சுக்கு மேலே ‘டிஸ்டிங்விஷ்டு சயின்டிஸ்ட்’, உச்சியில் துறைச் செயலாளர். ‘ஜி’ வரைக்கும், மேலே ஒருவர் ரிடையர் ஆகி இடம் காலியாகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் குறைந்தது மூன்று முதல் ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், அப்புறம் ஒரு போர்டு முன்னால் உட்கார வேண்டும். அந்த போர்டில் வெளியிலிருந்து வரும் நிபுணர்களும் இருப்பார்கள். ‘பி’ சம்பள அட்டவணையில் லெவல் 10, அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. ‘ஜி’ லெவல் 14, அதாவது இணைச் செயலாளருக்குச் சமம். ‘ஹெச்’ லெவல் 15, கூடுதல் செயலாளருக்குச் சமம். செயலாளருக்கு லெவல் 17, 2,25,000. மாமா சம்பளத்தையும் தகுதியையும் நினைத்துக் கேட்டால் இதைக் காட்டுங்க.

பாதுகாப்பு அமைச்சகத்தில் இப்போது ஐந்து துறைகள் இருக்கின்றன. அதில் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சித் துறை 1980-ல் தனியாக உருவானது. அதன் செயலாளர் நாற்காலியில் உட்காருபவர் விஞ்ஞானிதான், டிஆர்டிஓவுக்கும் அவரே தலைவர். நான் சேர்ந்த வருஷம் அந்த நாற்காலிக்கு, பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகவும் சேர்த்து, வந்தவர் வி.எஸ். அருணாசலம், உலோகவியல்காரர். 1992 வரை பத்து வருஷம் இருந்தார். அவருக்குப் பிறகு கலாம், 1999 வரை. 2004-ல் வந்த எம். நடராஜன் ஆவடியில் அர்ஜுன் டாங்கிக்காக வேலை செய்தவர். 2009-ல் வந்த வி.கே. சாரஸ்வத் ஏவுகணைக்காரர், பின்னால் நிதி ஆயோக் உறுப்பினராகப் போனார். 2015-ல் வந்த கிறிஸ்டோபர், ரேடாரை முதுகில் சுமந்து பறக்கும் கண்காணிப்பு விமானத்துக்காக உழைத்தவர். எல்லோரும் முதலில் ஒரு பொருளைக் கையில் வைத்து அல்லாடினவர்கள், அப்புறம்தான் டெல்லி.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியம் அதுதான்.

கார்கில் சண்டைக்குப் பிறகு ராணுவத்துக்கு வாங்கும் முறையை எல்லாம் மாற்றினார்கள். 2001-ல் அமைச்சர் தலைமையில் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் வந்தது. அடுத்த வருஷம் வாங்குவதற்கான நடைமுறைப் புத்தகம் வந்தது. அந்தச் சமயத்தில் என்னை டெல்லி ராஜாஜி மார்க்கில் இருக்கும் டிஆர்டிஓ தலைமையகத்துக்கு மாற்றினார்கள். அங்கே என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: தரைப்படையோ கடற்படையோ ஒரு பொருள் வேண்டும் என்று எழுதும். வெளிநாட்டில் வாங்குவதா, இங்கேயே செய்வதா என்று முடிவெடுக்க வேண்டும். அந்தக் கோப்பில் ஒரு இடத்தில் எங்கள் தரப்புக் கருத்து எழுத வேண்டும். இந்தியாவில் செய்ய முடியுமா? முடியும் என்றால் எத்தனை வருஷத்தில்?

அந்த ஒரு வரிதான் தம்பி. ‘முடியும், நான்கு வருஷம்’ என்று எழுதிவிட்டு பத்து வருஷம் ஆனால், எல்லையில் நிற்கிற பையன் அதுவரை பழைய சாமானோடு நிற்பான். ‘முடியாது’ என்று எழுதினால் வெளியிலிருந்து வந்துவிடும், உடனே வரும். ஆனால் அதன் உதிரிப் பாகத்துக்கு முப்பது வருஷம் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும், இங்கே அதைச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கக்கூடிய பட்டறை கற்காமலே போகும். இரண்டு பக்கமும் ஆட்கள் அழுத்துவார்கள். லேபில் இருக்கும் நம் நண்பர்களே ‘முடியும்னு போடுங்க சார், பிராஜெக்ட் வந்துரட்டும், பார்த்துக்கலாம்’ என்பார்கள். சீருடைக்காரர்களுக்குப் பொறுமை இருக்காது. அது நியாயமும்தான், உயிர் அவர்களுடையது.

சூலூர் பக்கம் போனால் தலைக்கு மேலே தேஜஸ் போர் விமானம் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திட்டத்துக்கு 1983-ல் ஒப்புதல் வந்தது. முதல்முறை பறந்தது 2001 ஜனவரி 4. விமானப்படையின் முதல் தேஜஸ் படைப்பிரிவு 2016-ல் பெங்களூரில் உருவாகி, 2018-ல் சூலூருக்கு வந்தது. அதற்காக காவேரி என்று ஒரு என்ஜின் 1989-லிருந்து செய்தார்கள். தேவையான உந்துவிசை கிடைக்கவில்லை, அமெரிக்க என்ஜினோடுதான் விமானம் பறக்கிறது. நான் இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. ஜெட் என்ஜினைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொந்தமாகச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் எத்தனை வருஷம் என்ற கேள்விக்குப் பதில் எழுதுவது எவ்வளவு கனமான வேலை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த வரியை எழுதுவதற்கு எனக்கு எது உதவியது? ராஜஸ்தான் வெயில். லேபில் இருந்த காலத்தில் கோடை சோதனை ஓட்டங்களுக்கு எங்களை அனுப்புவார்கள். இரும்பில் வெறுங்கையை வைக்க முடியாது. மணல் எல்லாவற்றுக்குள்ளும் போகும். ஒரு வெளிநாட்டு வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்ற நான்கு போல்ட் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு ஹவில்தார், வண்டி ஓட்டுகிறவர், ஸ்பேனரை என் கையில் கொடுத்து, “சாப், மணல் காற்று அடிக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு, விளக்கு இல்லாமல் நீங்களே கழற்றிப் பாருங்கள்” என்றார். கழற்றினேன். அதில் ஒரு போல்ட் மணலில் விழுந்தது, கிடைக்கவே இல்லை. பிற்பாடு டெல்லியில் ஒரு கோப்பில் ‘பராமரிப்பு எளிது’ என்று எழுதியிருந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை போல்ட், யார் கழற்றிப் பார்த்தார்கள் என்பதுதான். அந்தக் கேள்வியை வேறு சர்வீஸிலிருந்து வந்த நல்ல அதிகாரிகூடக் கேட்கமாட்டார். அவருக்கு அறிவு குறைவு என்பதல்ல, அந்த போல்ட்டை அவர் தொலைத்ததில்லை.

அதே சமயம் ஐஏஎஸ்காரர்களிடமும் நிதி ஆலோசகர்களிடமும் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரு இணைச் செயலாளர் இருந்தார். பக்கம் பக்கமாக எழுதின என் குறிப்பைத் திருப்பிக் கொடுத்து, “இதில் நான் கையெழுத்துப் போட்டால் எதற்குப் பொறுப்பாகிறேன் என்று ஒரு பத்தியில் சொல்லுங்கள்” என்றார். அன்றிலிருந்து நான் எழுதும் முறையே மாறியது. எது சோதித்து நிரூபித்தது, எது கணக்குப் போட்டது, எது நம்பிக்கை என்று மூன்றையும் பிரித்து எழுத ஆரம்பித்தேன். கோப்பில் இந்த மூன்றும் கலந்துவிட்டால் அதற்கப்புறம் எவ்வளவு பெரிய மனிதர் கையெழுத்துப் போட்டாலும் தவறான முடிவுதான் வரும்.

நாடாளுமன்றம் நடக்கும் நாட்கள் தனி. நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்விகளும் வரும். அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் துண்டுச் சீட்டில் விவரம் எழுதி அனுப்புவோம். மக்களவையில் கேள்வி நேரம் 11 மணிக்கு. அந்த நாளில் காலை ஆறு மணிக்கே எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்போம். ஒரு தப்பான எண் அவைக் குறிப்பில் ஏறிவிட்டால் அமைச்சர் வந்து திருத்த வேண்டியிருக்கும்.

ஆக, ஃபைல் பார்க்கிறவர்களா என்றால், ஆமாம், முழுக்க ஃபைல்தான். ஆனால் என்ஜினியராக இருந்து வந்தவருக்கு அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிற இரும்பு தெரியும். அது தெரிகிறவரைக்கும்தான் அவருக்கு அங்கே மதிப்பு. அதனால் தங்கையிடம் சொல்லுங்க, மேலே போக அவசரப்பட வேண்டாம். சோதனைக் களத்துக்கு யார் போகிறார்கள் என்று கேட்டால் முதலில் கை தூக்கச் சொல்லுங்க.

கோபிக்காரன்:

ஐயா, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லைங்க. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘ஹவில்தார்’ இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். தங்கைக்கும் அனுப்பினேன். அவள் இரண்டு விஷயம் கேட்கச் சொன்னாள். பெண்களைச் சோதனைக் களத்துக்கு அனுப்புகிறார்களா? டெல்லிக்குப் போய்விட்டால் திரும்பி லேபுக்கு வர முடியுமா?

மாமா கேட்கிறது வேறு. “சரி, பெரிய ஆபீசரே ஆகட்டும், நம்ம ஊருக்கு என்ன செய்ய முடியும்?” என்கிறார். அவருக்குப் பெருந்துறை சிப்காட்டில் பங்குக்கு ஒரு யூனிட் இருக்கிறது. அதனால் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆவாரம்பாளையம் லேத்:

மாமா கேட்டதற்கு நான் பதில் சொல்லலாமுங்களா? எங்களுக்கு மூன்று தலைமுறையாகப் பட்டறை. தாத்தா பம்ப்செட் காஸ்டிங், அப்பா கிரைண்டர் மோட்டார் பாகங்கள், நான் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் போட்டு இப்போது டிஃபென்ஸ் ஆர்டரும் கொஞ்சம் செய்கிறேன்.

2018 மத்திய பட்ஜெட்டில் இரண்டு டிஃபென்ஸ் காரிடார், அதாவது பாதுகாப்புத் தொழில் வழித்தடம், அறிவித்தார்கள்; அதில் ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். ஐந்தில் இரண்டு நம்ம பக்கம். கோவைச் சிறுதொழில்காரர்கள் சங்கமான கொடிசியாவில் இதற்கென்றே ஒரு தொழில் வளர்ப்பு மையமும் இருக்கிறது. சிறு நிறுவனங்களிடமிருந்து அரசுத் துறைகள் வருஷக் கொள்முதலில் 25 சதவீதமாவது வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, டெண்டர் போடும்போது முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். காகிதத்தில் எல்லாமே இருக்கிறது.

நடைமுறையில் எங்களை வாழ வைப்பது எது என்று சொல்கிறேன். ஒரு தடவை ஒரு பாகத்துக்கு டிராயிங் வந்தது, எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. வேறு எந்தப் பாகத்தோடும் சேராத ஒரு வெளிப்பரப்புக்கு இருபது மைக்ரான் டாலரன்ஸ் போட்டிருந்தார்கள், அதாவது அளவு அதற்கு மேல் பிசகக் கூடாது. கிரைண்டிங் செய்தால்தான் அது வரும், விலை இரண்டு மடங்கு. எத்தனையோ கடிதம் எழுதினேன், ‘டிராயிங்கில் உள்ளபடி’ என்று ஒரே பதில். பீஸ்கள் ரிஜெக்ட் ஆகிக்கொண்டே இருந்தன, காசு முடங்கிவிட்டது. அப்புறம் வேறு வேலையாகக் கோவை வந்த ஒரு பெரிய அதிகாரி, லேபில் இருந்து மேலே போனவர், பட்டறைக்கு வந்தார். பீஸைக் கையில் எடுத்தார், டிராயிங்கைப் பார்த்தார், எதிர்ப் பாகம் எங்கே வருகிறது என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. முறைப்படி திருத்தத்துக்கு எழுதச் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் டிராயிங் திருத்தி வந்தது. எனக்கு மட்டுமில்லை, அந்தப் பாகம் செய்கிற எல்லோருக்கும்.

அவர் எனக்கு ஒரு சலுகையும் காட்டவில்லை. டீ குடித்தார், அவ்வளவுதான். ஆனால் நானூறு கடிதம் எழுதினாலும் நடக்காத ஒன்று, பொருள் தெரிந்த ஒரு ஆள் நாற்காலியில் இருந்ததால் நடந்தது. ஊருக்கு என்ன செய்ய முடியும் என்றால், இதைத்தான் செய்ய முடியும். அம்மிணியை அங்கேயே இருக்கச் சொல்லுங்க.

ஈரோடு வாத்தியார்:

நல்லாச் சொன்னீங்க அண்ணா. இதையும் சேர்த்துக்கொள்கிறேன். கலெக்டர் வேலையும் சின்ன விஷயம் இல்லை. பட்டா, குடிநீர், வெள்ளம் என்று மக்களோடு நேராக நிற்கிற வேலை. அதில் ஆசை இருக்கிறவர்கள் அதற்குப் போகட்டும். அந்தப் பெண்ணுக்கு ஆசை எதில் என்பதுதான் கேள்வி. அவள் கேட்டனுப்பிய இரண்டு கேள்வியிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

சென்னிமலைத் தறி:

அம்மிணியின் கேள்விகளுக்கு.

களத்துக்குப் பெண்கள் போகிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் அரிது, தங்குமிடம் இல்லை என்று காரணம் சொல்லிவிடுவார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. அக்னி ஏவுகணைத் திட்டத்தில் டெஸ்ஸி தாமஸ் திட்ட இயக்குநராகவே இருந்தார், அப்புறம் டைரக்டர் ஜெனரல் ஆனார். அம்மிணி கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும், தானாக வராது. மேலதிகாரியிடம் ஒரு முறை வாயால் கேட்கட்டும், அடுத்த முறை எழுத்தில் கேட்கட்டும்.

டெல்லியிலிருந்து திரும்பி வரலாம். வந்தவர்கள் உண்டு. ஆனால் அங்கே ரொம்ப வருஷம் உட்கார்ந்துவிட்டால் கை மறந்துபோகும். எஃப் வரைக்கும் லேபில் இருந்துவிட்டு அப்புறம் போவது நல்லது என்பது என் கருத்து. சீக்கிரமே போனவர்கள் சிலர் கூட்டம் நடத்துவதில் கெட்டிக்காரர்களானார்கள். ஆனால் ஒரு சோதனை முடிவைப் பார்த்து, இது சரியில்லையே என்று வயிற்றில் உறுத்துகிற அந்த உணர்வு அவர்களுக்கு வரவில்லை.

மாமா கேட்டதற்கு லேத்காரர் அருமையாகப் பதில் சொல்லிவிட்டார். அதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை நான் சொல்லியே ஆகணும். நம்ம பக்கத்தில் பிறந்தவனுக்கு இந்த வேலையில் ஒரு தனிச் சங்கடம். பங்காளி, மாமன், மச்சான் என்று யாரை எடுத்தாலும் ஒரு பட்டறை, ஒரு ஃபவுண்டரி, ஒரு பங்கு இருக்கும். நான் டெல்லி போனதும் தேடி வர ஆரம்பித்தார்கள். சென்னிமலை தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தால் தேரோடும் வீதியிலேயே கேட்பார்கள், “மாப்ளே, அந்த டெண்டர் எப்ப வருது?”. கோபித்துக்கொள்ளவும் முடியாது, நம்ம ஆட்கள்.

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-லிருந்து இருக்கின்றன. நெருங்கின சொந்தம் வேலை செய்கிற நிறுவனத்தின் கோப்பு நம் மேசைக்கு வந்தால் அதைத் தொடக் கூடாது, மேலதிகாரிக்கு எழுத வேண்டும். விதியில் சொல்லியிருக்கிற சொந்தம் சின்ன வட்டம்தான். நம்ம ஊர்ச் சொந்தம் அதைவிட எவ்வளவோ பெரிசு. நான் பெரிய வட்டத்தையே எடுத்துக்கொண்டேன். ஒரு கோப்பில் ஒரு கோவை நிறுவனத்தின் பெயரைப் பார்த்தேன், என் மனைவியின் சித்தப்பா அதில் பங்குதாரர். விதிப்படி அது சொந்தத்திலேயே சேராது. ஆனாலும் ‘இந்த நிறுவனத்தில் என் மனைவி வழி உறவினர் பங்குதாரர், ஆகவே இந்தக் கோப்பை வேறு அதிகாரிக்கு மாற்றக் கோருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நிறுவனத்துக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. நான் எழுதியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, விலை கூடுதல். ஆனால் சித்தப்பா எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. என் மனைவிக்கு அது பெரிய வருத்தம், அதற்காக அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மதிப்பு எனக்குப் பென்ஷனைவிடப் பெரிசு.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், கோபித் தம்பி, மாமாவுக்கு பெருந்துறையில் யூனிட் இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். அம்மிணி மேலே போகப் போக அந்த யூனிட்டுக்கு அவளால் ஒரு பைசா ஆதாயம் கிடையாது என்பதை இன்றைக்கே வீட்டில் பேசி முடித்துவிடுங்க. அவள் பேசினால் மரியாதைக் குறைவாகத் தெரியும், அண்ணன் நீங்கள் பேசுங்க. வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லி எங்கேயும் போய் நிற்கக் கூடாது. அவள் பெயரில் நகை, நிலம் எது வாங்கினாலும் அவளிடம் சொல்லிவிட்டு வாங்குங்க, அசையாச் சொத்துக் கணக்கு அவள் வருஷா வருஷம் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வருஷத்துக்கு அனுமதி இல்லாமல் தனியார் கம்பெனி வேலைக்குப் போக முடியாது. அதனால் ‘ரிடையர் ஆனதும் நம்ம கம்பெனிக்கு டைரக்டர்’ என்று யாரும் இப்போதே கணக்குப் போட வேண்டாம்.

என் அப்பா நான் என்ன வேலை செய்கிறேன் என்று கடைசி வரை கேட்டதில்லை. நானும் சொல்ல முடியாது. பக்கத்துத் தறிக்காரர் கேட்டால், “கவர்ன்மெண்டுல மிலிட்டரிக்குச் சாமான் செய்யறான்” என்று மட்டும் சொல்வார். உங்கள் அப்பாவுக்கும் அது போதும் என்று தோன்றினால் நல்லது. கலெக்டர் மாதிரி ஊரில் பெயர் தெரியாது, பேப்பரில் படம் வராது. அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அம்மிணிக்கு இப்போது உடனடியாக வருவது ‘சி’ நிலைக்கான போர்டு. எத்தனை பிராஜெக்டில் பெயர் இருக்கிறது என்று பட்டியல் சொல்ல வேண்டாம். தான் மட்டும் பொறுப்பெடுத்துச் செய்த ஒரு பாகம், அதில் வந்த ஒரு கோளாறு, அதை எப்படிக் கண்டுபிடித்தாள், என்ன அளவீடு எடுத்தாள் என்று நோட்டிலிருந்தே சொல்லட்டும். தேதி போட்ட நோட்டு வைத்திருக்கிறாளா என்று கேளுங்க. இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பிக்கச் சொல்லுங்க. அந்த நோட்டு ஆபீஸை விட்டு வெளியே வரக் கூடாது, ஃபோனில் படம் எடுக்கவும் கூடாது, அதையும் சொல்லிவிடுங்க.

கோபிக்காரன்:

நோட்டு வைத்திருக்கிறாளாம் ஐயா. சேர்ந்த நாளிலிருந்து. மாமாவிடம் ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பேசுகிறேனுங்க.